வானத்திலும் ஒரு பாடு முறை

மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல், மூன்றாம் ஆண்டு மாணவன்



"வானம் இவ்வளவு பெருசா இருக்கு, அதுல போயி ரெண்டு விமானம் எப்படி முட்டிக்கும்?" என்று கேட்காதவர்கள் நம்மில் குறைவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கடலும் பெரியதுதான். ஆனாலும் முகத்துவாரத்தில் படகும் படகும் உரசிக்கொள்கின்றன. எல்லோருக்கும் வேண்டிய வழி ஒன்றாக இருந்தால் எவ்வளவு பெரிய இடமும் சின்னதாகிவிடும்.

நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன். எங்கள் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் ஆகாயத்தில் விமானங்கள் விலகிப் போகின்றன. கடலில் எங்கள் படகுகள் கரையில் நிற்கின்றன. இந்த இரண்டும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். நமது சிலபஸில் ராடாரும் டிரான்ஸ்பாண்டரும் வருகின்றன. அவற்றை இந்த ஊர்க் கதையோடு சேர்த்துப் படித்தால் மனதில் நிற்கும் என்ற எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

1. கண்ணை நம்ப முடியாது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு ஜெட் விமானங்கள் நேருக்கு நேர் வருகின்றன. ஒவ்வொன்றின் வேகமும் மணிக்கு 900 கிலோமீட்டர். இரண்டும் நெருங்கும் வேகம் மணிக்கு 1,800 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 500 மீட்டர். 10 கிலோமீட்டர் தூரத்தில் பார்த்துவிட்டாலும் மிச்சம் இருப்பது 20 நொடிதான்.

விமானி ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று புரிந்து, மோதும் திசையில் வருகிறது என்று உணர்ந்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை தன் விமானிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த 12.5 நொடியில் 6.25 கிலோமீட்டர் தீர்ந்துவிடும். இரவு, மேகம், எதிர்வெயில் என்று வந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே விமானங்களைப் பிரித்து வைக்க உயரம், தூரம், நேரம் என்ற மூன்றையும் பயன்படுத்துகிறார்கள். கிழக்கு நோக்கிப் போகும் விமானத்துக்கு ஒற்றைப்படை ஆயிரம் அடிகள், மேற்கு நோக்கிப் போவதற்கு இரட்டைப்படை ஆயிரம் அடிகள் என்பது பொதுவான விதி. 29,000 அடிக்கு மேலே முன்பு 2,000 அடி இடைவெளி வைத்திருந்தார்கள். உயரமானிகள் துல்லியமாக ஆன பிறகு அதை 1,000 அடியாகக் குறைத்தார்கள். இந்தியாவில் இது 2003 நவம்பர் 27 முதல் நடப்புக்கு வந்தது.

ஆனால் உயரம் என்ற ஒரே கயிற்றை நம்பித் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சோகமான சாட்சி உண்டு. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே அரியானாவின் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே, ஏறிக்கொண்டிருந்த சவூதி போயிங் 747 விமானமும் இறங்கிக்கொண்டிருந்த கசகஸ்தான் இல்யூஷின் 76 விமானமும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். நடுவானில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்துகளில் இன்றுவரை இதுவே பெரியது.

சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்றுதான் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. எதிரே விமானம் வருகிறது என்றும் கட்டுப்பாட்டு அறை சொல்லியிருந்தது. ஆனாலும் கசகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானத்தில் கட்டுப்பாட்டு அறையோடு பேசியவர் தனியான ரேடியோ ஆபரேட்டர். அவருக்கு முன்னால் தனி உயரமானி கிடையாது. சொல்லைக் கேட்டவர் ஒருவர், விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். அக்காலத்தில் டெல்லியில் வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் ஒரே வழித்தடம்தான். அங்கிருந்த முதன்மை ராடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது.

2. கேட்டால் பதில் சொல்லும் பெட்டி

இந்த இடத்தில் நம் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். முதன்மை ராடார் அலையை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கிறது. எதிரே இருப்பது விமானமா, மலையா, மழை மேகமா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. இரண்டாம் நிலை ராடார் கேள்வி கேட்கிறது. விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் பெட்டி பதில் சொல்கிறது. கேள்வி 1030 மெகாஹெர்ட்ஸில் போகும். பதில் 1090 மெகாஹெர்ட்ஸில் வரும். பதிலுக்குள் அடையாள எண்ணும் உயரமும் அடங்கியிருக்கும்.

இதே கேள்வி பதிலை ஒரு விமானம் இன்னொரு விமானத்தோடு நேரடியாக நடத்துவதுதான் டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி. ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். கேள்வி போய்ப் பதில் வர, டிரான்ஸ்பாண்டரின் உள் தாமதத்தைக் கழித்துவிட்டு, 100 மைக்ரோ நொடி ஆனால் போகவர 30 கிலோமீட்டர். எனவே எதிர் விமானம் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டு, நெருங்கும் வேகத்தைக் கணக்கிட்டு, முதலில் "டிராஃபிக்" என்று எச்சரிக்கும். இன்னும் நெருங்கினால் ஒரு விமானத்துக்கு "ஏறு" என்றும் மற்றதற்கு "இறங்கு" என்றும் கட்டளை கொடுக்கும். இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் இரண்டுக்கும் ஒரே கட்டளை வராது. சர்க்கி தாத்ரி விபத்துக்குப் பிறகு இந்தியாவில் பயணிகள் விமானங்களுக்கு இந்தக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

கருவி வந்த பிறகும் குழப்பம் தீர்ந்துவிடவில்லை. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணி விமானத்துக்குக் கருவி "ஏறு" என்றது. தரையிலிருந்த கன்ட்ரோலர் "இறங்கு" என்றார். விமானிகள் கன்ட்ரோலர் சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் கருவியின் சொல்லைத்தான் கேட்க வேண்டும் என்ற விதி அதன்பின் உலகெங்கும் ஐயத்துக்கு இடமில்லாமல் வலியுறுத்தப்பட்டது.

சரி, இவ்வளவு நல்ல கருவி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். கவலை இருக்கிறது. கேட்டால் பதில் சொல்பவனைத்தான் இந்தக் கருவிக்குத் தெரியும். பதில் சொல்லாதவன் அதன் கணக்கில் இல்லவே இல்லை.

3. பதில் சொல்லாதவர்கள்

பாராசூட்டோடு குதிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ராவுக்கு அருகே மால்புராவில் நம் ராணுவத்தினர் குதித்துப் பயிற்சி பெறுகிறார்கள். விளையாட்டாகக் குதிக்கும் ஸ்கை டைவிங் நிகழ்ச்சிகள் அரியானாவின் நர்னௌல் பக்கமும் நடந்திருக்கின்றன. குதிப்பவர்களை ஏற்றிப்போகும் விமானத்தில் டிரான்ஸ்பாண்டர் இருக்கும். குதித்த மனிதரிடம் என்ன இருக்கும்? முதுகில் ஒரு பை, கையில் ஒரு உயரமானி, அவ்வளவுதான்.

13,000 அடியில் குதிப்பவர் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 55 மீட்டர் வீதம் விழுகிறார். 4,000 அடியில் பாராசூட்டை விரிப்பதாக வைத்துக்கொண்டால் இடையில் 9,000 அடி, சுமார் 2,740 மீட்டர். ஆகும் நேரம் 50 நொடி. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக விமானங்களுக்கு 250 நாட் வேக வரம்பு உண்டு. அந்த வேகத்தில் விமானம் 50 நொடியில் சுமார் 6.4 கிலோமீட்டர் போகும். ஆக, அவர் கதவைத் தாண்டும் போது கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்த விமானம், அவர் பாராசூட்டை விரிக்கும் போது தலைக்கு நேரே இருக்க முடியும்.

இது வெறும் கணக்கில்லை. 1993 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் ஊருக்கு மேலே குதித்து வந்த ஒருவர் ஒரு சிறிய விமானத்தின் வாலில் மோதினார். விமானத்தில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். குதித்தவர் பிழைத்துக்கொண்டார்.

இதைத் தவிர்க்க அமெரிக்க விதி என்ன சொல்கிறது? குதிப்பதற்கு குறைந்தது 5 நிமிடம் முன்பே விமானி கட்டுப்பாட்டு அறையோடு ரேடியோவில் பேசி, அந்தப் பக்கம் வரும் போக்குவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். குதித்து முடியும் வரை அதே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேகத்துக்குள் குதிக்கக் கூடாது. குதிக்கும் இடம் எது, நேரம் எது, உயரம் எது என்பது முன்கூட்டியே மற்ற விமானிகளுக்கு அறிவிப்பாகப் போயிருக்க வேண்டும். கவனித்தீர்களா? எந்தப் பெட்டியும் குதிப்பவரைக் காப்பாற்றவில்லை. முன்கூட்டிச் சொல்லி வைத்த சொல்தான் காப்பாற்றுகிறது.

ராக்கெட்டும் இதே இனம்தான். குதிப்பவர் மேலிருந்து கீழே வருகிறார். ராக்கெட் கீழிருந்து மேலே போகிறது. பயணிகள் விமானம் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தை பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். அதற்கு வழிவிடு என்று சொல்ல முடியாது. நடுவழியில் நில் என்று சொல்லவும் முடியாது.

4. எங்கள் ஏரிக்கு வடக்கே

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் 1971 அக்டோபர் 9 அன்று பறந்தது. அது சிறிய ரோகிணி ஆய்வு ராக்கெட். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. 2002-ல் அந்த மையத்துக்கு சதீஷ் தவான் பெயர் சூட்டப்பட்டது.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் கிழக்கே திறந்த கடல். பூமி சுழலும் திசையின் உதவி கிடைக்கும். கழன்று விழும் பாகங்கள் தண்ணீரில் விழும். தெற்கே இலங்கை இருப்பதால், துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. இதனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். இருந்தாலும் ஆட்கள் வாழும் நிலத்தின் மேல் பறக்கக் கூடாது என்பதற்காக அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறார்கள்.

இப்போது அட்லஸை எடுங்கள். ஏவுதளம் ஏறக்குறைய வட அட்சரேகை 13 டிகிரி 43 நிமிடத்தில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 12 டிகிரி 59 நிமிடம். இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளன. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். வித்தியாசம் 44 நிமிடம், 44 கடல்மைல், சுமார் 81 கிலோமீட்டர். ஒரு விமானத்துக்கு இது பத்து நிமிட வழி. சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், போர்ட் பிளேர் போகும் விமானங்கள் எல்லாம் இந்த வங்கக் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். ராக்கெட்டின் பாதையும் அதே கடலின் மேல்தான். பழவேற்காடு ஊர் 13 டிகிரி 25 நிமிடம். ஏவுதளத்திலிருந்து வடக்கு தெற்காக 18 கடல்மைல், சுமார் 33 கிலோமீட்டர்.

இந்த இரண்டு போக்குவரத்தையும் பிரித்து வைப்பது நோட்டாம் என்ற அறிவிப்பு. விமானிகளுக்கான இந்த அறிவிப்பை இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. கப்பல்களுக்கு நேவேரியா என்ற கடல் எச்சரிக்கை தனியாகப் போகும். உலகக் கடல்கள் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் 8-ஆம் பகுதிக்கு இந்தியாதான் பொறுப்பு. டேராடூனில் இருக்கும் கடற்படையின் நீர்ப்பரப்பு வரைபட அலுவலகம் அதைக் கவனிக்கிறது.

அறிவிப்பில் பொதுவாக ஏவுதளத்தைச் சுற்றி 10 கடல்மைல் ஆரமுள்ள வட்டம் முதல் ஆபத்துப் பகுதியாகக் குறிக்கப்படும். அதற்கு அப்பால் ராக்கெட்டின் பாகங்கள் விழக்கூடிய இடங்கள் நாற்கரங்களாக, மூலைக்கு மூலை அட்சரேகை தீர்க்கரேகையோடு கொடுக்கப்படும். அந்த நேரத்தில் விமானங்கள் சுற்றிப் போகும். அல்லது சற்றுத் தாமதமாகக் கிளம்பும்.

5. பாடு என்றால் என்ன?

இப்போது கீழே, ஏரிக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பிரித்து வைக்கும் யோசனையை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிக்கும் இடங்களுக்கு, தலைமுறை தலைமுறையாகப் பாடு முறை என்று ஒன்று உண்டு. இறால் ஓட்டம் இருக்கும் இடம் கொஞ்சம். வலை கட்ட வேண்டியவர்கள் அதிகம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இறங்கினால் வலையும் சிக்கும், சண்டையும் வரும். ஆகவே யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். இலங்கையில் நீர்கொழும்பு ஏரியிலும் இதைப் போலவே சீட்டுப் போட்டு இடம் பிரிக்கும் வழக்கம் உண்டு.

நோட்டாமையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இடம் சொல்லப்படுகிறது, நேரம் சொல்லப்படுகிறது, இன்னாருக்கு என்பது சொல்லப்படுகிறது. இரண்டும் எதிரே வருபவனைப் பார்த்துவிட்டு விலகும் ஏற்பாடு இல்லை. எதிரே வராமலே செய்யும் ஏற்பாடு.

பாடு முறையில் குறை இல்லாமல் இல்லை. பாட்டில் பங்கு உள்ளவர்களுக்கு மட்டுமே சீட்டு. பங்கு இல்லாத ஊர்க்காரர்களுக்கு அது வருத்தம்தான். அதனால் தகராறுகளும் வந்திருக்கின்றன. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ராக்கெட் விஷயத்திலும் இதே கேள்வி வரும்.

6. நோட்டாமைப் படிக்கக் கற்போம்

நோட்டாம் ஒரு தந்தியைப் போலச் சுருக்கமாக இருக்கும். 'ஏ' என்பது இடம், 'பி' தொடங்கும் நேரம், 'சி' முடியும் நேரம், 'ஈ' செய்தி, 'எஃப்' கீழ் எல்லை, 'ஜி' மேல் எல்லை. நேரம் பத்து இலக்கத்தில் இருக்கும். கணக்குக்காக நானே எழுதிய மாதிரி இதோ:

ஏ: சென்னை வான்தகவல் பகுதி
பி: 2608100030
சி: 2608100430
ஈ: ராக்கெட் ஏவுதல், ஆபத்துப் பகுதி, 10 கடல்மைல் ஆரமுள்ள வட்டம்
எஃப்: தரைமட்டம்
ஜி: வரம்பில்லை

முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்து மாதம், அடுத்து தேதி, கடைசி நான்கும் மணியும் நிமிடமும். ஆனால் இந்த மணி நம் கடிகார மணி இல்லை. உலகப் பொது நேரம். இதோடு 5 மணி 30 நிமிடம் கூட்டினால்தான் இந்திய நேரம் வரும். ஆக, பி என்பது ஆகஸ்ட் 10 காலை 6 மணி. சி என்பது அன்று காலை 10 மணி.

இதில் பலரும் தடுமாறும் இடம் தேதி. சந்திரயான்-2 முதலில் 2019 ஜூலை 15 அதிகாலை 2.51-க்குப் புறப்படுவதாக இருந்தது. உலகப் பொது நேரத்தில் அது ஜூலை 14 இரவு 21.21. தேதியே மாறிவிடுகிறது! விடியலுக்கு முன்னால் கடலுக்குப் போகும் ஒரு படகுக்காரருக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் சின்ன விஷயமா?

7. யாருக்கு என்ன நஷ்டம்?

ராக்கெட் விடும் நாள் நெருங்கினால் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற செய்தி மீன்வளத் துறை மூலம் எங்கள் குப்பங்களுக்கு வரும். "நாளைக்கு ராக்கெட் வுடறாங்களாம், யாரும் கடலுக்குப் போவக் கூடாதாம்" என்று வாய்வழியாக ஊர் முழுவதும் பரவும். என் சித்தப்பா போன்றவர்களுக்கு அன்று பாடு இல்லை. பாடு இல்லையென்றால் வருமானம் இல்லை. ஐஸ் வாங்குபவர், மீன் கூடை தூக்கும் அம்மாக்கள், ஏலம் கூவுபவர் என்று அந்த ஒரு நாள் எத்தனையோ வீடுகளைத் தொடும்.

அந்த எச்சரிக்கை தேவைதானா? தேவைதான். 2010 டிசம்பர் 25 அன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் கட்டுப்பாட்டை இழந்தது. பாதுகாப்பு அதிகாரி அழிப்புக் கட்டளை கொடுத்தார். சிதைந்த துண்டுகள் வங்கக் கடலில் விழுந்தன. 2006 ஜூலை 10 அன்றும் ஒரு ஜி.எஸ்.எல்.வி. இப்படியே கடலில் போயிற்று. இரண்டு முறையும் கடலில் யாருக்கும் ஆபத்து நேரவில்லை என்றால், ஆபத்துப் பகுதியைக் காலியாக வைத்திருந்ததுதான் காரணம்.

அமெரிக்காவில் நடந்ததையும் கேளுங்கள். 2014 அக்டோபர் 27 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் வாலப்ஸ் தளத்திலிருந்து அன்டாரஸ் ராக்கெட் புறப்பட இருந்தது. ஒரு பாய்மரப் படகு ஆபத்துப் பகுதிக்குள் வந்துவிட்டதால் ஏவுதலை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள். ஒரு படகுக்காக ராக்கெட்டை நிறுத்துவதா என்று பலர் முணுமுணுத்திருக்கலாம். மறுநாள் அக்டோபர் 28 அன்று அதே ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் வெடித்துச் சிதறியது.

ஆனால் தள்ளிவைத்தால் நஷ்டம் இரட்டிப்பு. சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தப்பட்டு, 2019 ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. விமானங்களுக்குப் பழைய நோட்டாமை ரத்து செய்து புது நோட்டாம் போகும். அது சில நிமிட வேலை. படகுக்காரருக்கோ இன்னொரு நாள் போகும். விமானம் சுற்றிப் போனால் கூடுதல் எரிபொருளுக்குக் கணக்கு இருக்கிறது, டிக்கெட்டில் சேர்ந்துவிடும். கரையில் நின்ற படகின் கணக்கை யார் எழுதுவது? வானத்தின் பாட்டில் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் சீட்டு இருக்கிறது. கடலில் நிற்பவனுக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. குறைந்தபட்சம், எந்த மணிக்கு ஆரம்பம், எந்த மணிக்கு முடிவு, எந்தத் திசையில் எத்தனை மைல் என்பது சரியாகத் தெரிந்தால், நாள் முழுக்கக் கரையில் நிற்காமல் ஏரிக்குள்ளோ தெற்கேயோ போய் ஒரு பாடு பார்த்துவிட்டு வரலாமே!

நேரத்தை எவ்வளவு நுட்பமாகக் கையாள முடியும் என்பதற்கு இஸ்ரோவே உதாரணம். 2023 ஜூலை 30 அன்று பி.எஸ்.எல்.வி.-சி56 காலை 6.30-க்குக் கிளம்ப வேண்டியது; விண்வெளிக் குப்பையோடு மோதக் கூடாது என்று ஒரு நிமிடம் தள்ளி 6.31-க்குக் கிளம்பியது. மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு துண்டுக்காக ஒரு நிமிடத்தைக் கணக்கிட முடிகிறது என்றால், கீழே படகில் இருப்பவருக்கும் மணிக்கணக்கைச் சரியாகச் சொல்ல முடியும்.

8. நம் கைக்கு எட்டிய வேலை

நண்பர்களே, இது பெரிய எஞ்சினியர்கள் மட்டும் செய்யும் வேலை என்று ஒதுங்க வேண்டாம். விமானமும் கட்டுப்பாட்டு அறையும் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. கப்பல்கள் எல்லாம் கேட்கும் அவசர அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். ஒன்றில் பேசினால் மற்றொன்றில் கேட்காது. சின்ன ஃபைபர் போட்டில் பெரும்பாலும் செல்போன்தான். அதுவும் கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் கிடைக்காது. மூன்று பேரும் மூன்று காதோடு இருக்கிறார்கள். ஒரே சொல் மூன்று காதுக்கும் போய்ச் சேர வேண்டும். அதுதான் தகவல் தொடர்பு படிக்கும் நம் வேலை.

மீன்பிடிக் கலங்களில் செயற்கைக்கோள் வழியே இயங்கும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஒரு லட்சம் கலங்கள் என்பது அதன் இலக்கு. அதாவது பதில் சொல்லாதவர்கள் பட்டியலில் இருந்த படகு, பதில் சொல்பவர்கள் பட்டியலுக்கு வருகிறது. நல்ல விஷயம். ஆனால் உப்புக் காற்றில் எந்தப் பெட்டியும் அதிக நாள் தாங்காது. கனெக்டர் துருப்பிடிக்கும், ஆன்டெனாவுக்குள் தண்ணீர் இறங்கும், பேட்டரி படுத்துவிடும். இவற்றைப் பழுது பார்க்கக் கரையோரத்தில் ஆள் வேண்டும். டிப்ளமோ முடித்து வெளியே வரும் நமக்கு அது தொழில். ஊருக்கு அது பாதுகாப்பு.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு எல்.ஈ.டி. பலகை, ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூல். நோட்டாமின் பி, சி நேரங்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது 5.30-ஐக் கூட்டி, தேதியையும் திருத்தி, "கடல் மூடல்: காலை 6 முதல் 10 வரை" என்று தமிழில் காட்ட வேண்டும். ரத்தானால் உடனே "கடல் திறந்தது" என்று மாற வேண்டும். லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், வைரவன்குப்பம் என்று ஏலக்கூடத்துக்கு ஒன்று வைத்தால் போதும். செலவு அதிகமில்லை. யார் செய்தாலும் எனக்கு மகிழ்ச்சி. கூட்டாகச் செய்ய நான் தயார்.

பயிற்சிக் கணக்குகள்

1. ஏவுதளத்தைச் சுற்றி 10 கடல்மைல் வட்டம் போட்டால், அதன் தென் விளிம்பு பழவேற்காட்டிலிருந்து வடக்கே எத்தனை கிலோமீட்டரில் இருக்கும்? (இரண்டும் ஒரே தீர்க்கரேகையில் இருப்பதாகக் கொள்க.)

2. நோட்டாமில் பி: 2611302000, சி: 2611302330 என்று இருந்தால், இந்திய நேரப்படி எந்தத் தேதி, எந்த மணி முதல் எந்த மணி வரை?

3. டீகாஸ் கேள்விக்கு 60 மைக்ரோ நொடியில் பதில் வந்தது (உள் தாமதம் கழித்த பின்). எதிர் விமானம் எவ்வளவு தூரம்? இரண்டும் நேருக்கு நேர் நொடிக்கு 500 மீட்டர் வீதம் நெருங்கினால் மிச்சம் எத்தனை நொடி?

விடைகள்: 1) சுமார் 14.8 கிலோமீட்டர். 2) டிசம்பர் 1, அதிகாலை 1.30 முதல் 5 மணி வரை. 3) 9 கிலோமீட்டர், 18 நொடி.

இரண்டாவது கணக்கை மட்டும் வீட்டில் தம்பி தங்கைகளிடமும் கொடுத்துப் பாருங்கள். நவம்பர் 30 என்று படித்தவர் டிசம்பர் 1 அதிகாலையில் வலையோடு கடலில் இருப்பார்.